பல் தேய்க்க மறுக்கும் குழந்தை எதை மறுக்கிறது? ஆட்டிசமும் பல் பராமரிப்பும்

“பல் தேய்க்கவே விடமாட்டேங்கிறான்” என்று ஒரு அம்மாவோ அப்பாவோ சொன்னால், “எந்த இடத்தில் மறுக்கிறான்?” என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்க வேண்டும். பிரஷைப் பார்த்ததுமே ஓடுகிறானா? உதட்டில் பட்டதும் முகத்தைத் திருப்புகிறானா? பேஸ்ட் நாக்கில் பட்டதும் துப்புகிறானா? முன்பல் வரை விட்டுவிட்டு, கடைவாய்க்குப் போனதும் ஓங்கரிக்கிறானா? இவை நான்கும் வெவ்வேறு சிக்கல்கள், தீர்வும் வேறு வேறு. ஆட்டிசம் உள்ள குழந்தை பல் தேய்ப்பதை மொத்தமாக வெறுப்பது அரிது. அதற்குள் இருக்கிற ஏதோ ஒன்றைத்தான் தாங்க முடிவதில்லை. அந்த ஒன்றைக் கண்டுபிடிக்காமல் கையைக் காலைப் பிடித்துத் தேய்த்தால், அதுவரை பிடித்திருந்ததும் சேர்ந்து கெட்டுப்போகும்.

ஆட்டிசம் இருப்பதாலேயே பல் பலவீனமாக முளைப்பதில்லை. சொத்தை எல்லாக் குழந்தைகளுக்கும் வருகிற அதே வழியில்தான் வருகிறது. இனிப்பும் மாவுப்பொருளும் பல்லில் தங்குகின்றன, கிருமிகள் அவற்றை அமிலமாக்குகின்றன, அமிலம் எனாமலைக் கரைக்கிறது. கூடுதல் ஆபத்து சுற்றியுள்ள பழக்கங்களில் இருக்கிறது: நான்கைந்து வகைக்குள்ளேயே சுற்றும் சாப்பாடு, அதிலும் மெத்தென்று பல்லில் ஒட்டுகிற வகை, வாயில் அடக்கி வைக்கும் பழக்கம், தினசரி மருந்துகள், வலித்தால் சொல்லத் தெரியாமை. மருத்துவர் முன்னால் வாய் திறக்காததும் சேர்ந்துகொள்ள, சின்னதாக இருக்கும்போதே பிடிபட வேண்டிய சொத்தை நரம்பு வரை போன பிறகுதான் தெரியவருகிறது.

பிரித்துப் பார்ப்பது

தினசரி தேய்ப்பது எப்படியோ நடக்கட்டும். அதற்கு வெளியே, குழந்தை வயிறு நிறைந்து நல்ல மனநிலையில் இருக்கும் பகல் நேரத்தில், ஒவ்வொன்றாகச் சோதித்துப் பாருங்கள். பேஸ்ட் இல்லாமல் ஈர பிரஷை மட்டும் காட்டுங்கள். விட்டால், சிக்கல் பேஸ்டில். உலர்ந்த பிரஷை மறுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் ஊறிய பிரஷை ஏற்றுக்கொண்டால், சிக்கல் தூரிகையின் கடினத்தில். தன் கையில் இருக்கும்போது கடித்து விளையாடுகிறது, நீங்கள் வாங்கியதும் வாயை மூடிக்கொள்கிறது என்றால், அடுத்தவர் கை எப்போது எங்கே படும் என்று தெரியாததுதான் பயம். குளியலறையில் அழுது கூடத்தில் விட்டுக்கொடுத்தால், அங்கே உள்ள எதிரொலியோ, குழாய்ச் சத்தமோ, காற்றுப்போக்கி மின்விசிறியோ, கண்ணாடிக்கு மேல் எரியும் விளக்கோ காரணமாக இருக்கலாம். பல்லை வாஷ்பேசின் முன்னால்தான் தேய்க்க வேண்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சோபாவில், தரையில், படுக்கையில், எங்கே நடக்கிறதோ அங்கே தேய்க்கலாம்.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தால், இரண்டு முன்பற்களுக்கு நடுவே உதட்டையும் ஈறையும் இணைக்கும் ஒரு மெல்லிய சதைப்பட்டை தெரியும். பிரஷ் அதில் இடித்தால் பெரியவர்களுக்கே சுருக்கென்று வலிக்கும். மேல் முன்பல்லில் பிரஷை வைத்ததும் சில குழந்தைகள் துள்ளுவதற்கு அதுதான் காரணம். பிரஷ் பிடிக்காத கையின் ஆள்காட்டி விரலை உதட்டுக்கு அடியில் அந்தப் பட்டையின் மேல் படுக்கையாக வைத்து உதட்டைத் தூக்குங்கள். பிரஷ் தவறினாலும் உங்கள் விரலில்தான் இடிக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே சண்டை பாதி குறைந்த வீடுகள் உண்டு.

பேஸ்ட்

நமக்குப் புத்துணர்ச்சியாகத் தெரியும் புதினா பல குழந்தைகளுக்கு எரிச்சலாகத் தெரிகிறது. அதற்கு அடுத்த சிக்கல் நுரை. பெரும்பாலான பேஸ்டுகளில் நுரைக்காகச் சோடியம் லாரில் சல்பேட் சேர்க்கிறார்கள். வாய் நிறைந்துவிட்ட உணர்வும் ஓங்கரிப்பும் அதனால் அதிகமாகும். சுவை சேர்க்காத, நுரைக்காத பேஸ்டுகள் கிடைக்கின்றன. ஆனால் வாங்கும்போது உறையில் ஃப்ளோரைடு அளவைக் கட்டாயம் பாருங்கள். குழந்தைகளுக்கானது, இயற்கையானது என்ற பெயரில் ஃப்ளோரைடே இல்லாத பேஸ்டுகளும் அதே அலமாரியில்தான் இருக்கும். சொத்தையைத் தடுக்கக் குறைந்தது 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) வேண்டும். ஏற்கெனவே சொத்தை வந்த குழந்தைக்கு 1350 முதல் 1500 பிபிஎம் வரை உள்ளதை மருத்துவர் சொல்லக்கூடும்.

அளவு முக்கியம். 3 வயதுக்குள் ஓர் அரிசி மணி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷின் நீளத்துக்குப் பிதுக்க வேண்டியதில்லை. துப்பத் தெரியாத குழந்தைக்கு வயது ஏறினாலும் மெல்லிய பூச்சு அளவிலேயே நிறுத்தி, மிஞ்சியதை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். துப்பத் தெரிந்தால் துப்பட்டும், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃப்ளோரைடும் சேர்ந்து போய்விடும். கொப்பளிக்கத் தெரியவில்லையே என்று கவலைப்படும் பெற்றோருக்கு இதனால் ஒரு வேலை மிச்சம்.

பேஸ்டைப் பழக்கும்போது பிரஷை மாற்றாதீர்கள், பிரஷைப் பழக்கும்போது பேஸ்டை மாற்றாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணமாகக் கெட்டது என்று பிறகு தெரியாது. முதலில் ஈர பிரஷ். அது நிலைத்த பிறகு தூரிகையின் ஒரு முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு பேஸ்ட். அதை ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் கொஞ்சம் கூட்டலாம். ஒத்துக்கொண்ட பிரஷும் பேஸ்டும் கிடைத்துவிட்டால் கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனங்கள் உறையின் நிறத்தை மாற்றினாலே போதும், இவர்களில் சிலர் மாதக்கணக்கில் அந்தப் பேஸ்டைத் தொடமாட்டார்கள். பழைய உறையைத் தூக்கிப்போடாமல், புதியதை அதற்குள் வைத்துக் கொடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு.

பிரஷும் பிடிக்கும் விதமும்

தலை சிறியதாக, தூரிகை மென்மையாக இருக்கட்டும். மூன்று பக்கமும் தூரிகை உள்ள பிரஷ் ஒன்று உண்டு. பல்லின் வெளிப்பக்கம், உள்பக்கம், கடிக்கும் பரப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். முப்பது விநாடிக்கு மேல் நிற்காத குழந்தைக்கு இது நல்ல தேர்வு. வாயின் அகலத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். தலை பெரிதாக இருந்தால் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் போகாது.

மின் பிரஷைச் சில குழந்தைகள் உயிராக விரும்புகிறார்கள், சிலருக்கு அது பெரும் தொல்லை. வாங்கிய அன்றே வாயில் வைக்காதீர்கள். முதலில் அணைத்த நிலையில் சாதாரண பிரஷாகப் பயன்படுத்துங்கள். பிறகு ஓடவிட்டு உள்ளங்கையில், முழங்கையில், தாடையில், கன்னத்தில் எனப் படிப்படியாகக் கொண்டுவாருங்கள். உதட்டுக்கு வரும் முன் கன்னத்தில் சில நாள் தங்கலாம். அதிர்வு பழகிவிட்ட குழந்தைக்கு, பின்னால் பல் மருத்துவமனையில் சுழலும் பாலிஷ் கருவி அவ்வளவு புதிதாகத் தெரியாது.

பிரஷைக் கடித்துத் துவைக்கும் குழந்தைக்கு இரண்டு பிரஷ் வேண்டும். ஒன்றைக் கடிக்கக் கொடுத்துவிட்டு, இன்னொன்றால் மறுபக்கம் தேய்க்கலாம். கடிக்கும் பிரஷின் காம்பே வாயைத் திறந்து வைக்கும் கட்டையாகவும் உதவும். உங்கள் விரலை மட்டும் பல்வரிசைக்கு நடுவே வைக்காதீர்கள். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையில் விரல் போகலாம், மேல் கீழ் கடைவாய்ப்பற்களுக்கு நடுவே போகக் கூடாது. குழந்தை வேண்டுமென்றே கடிக்காது. ஆனால் அனிச்சையாகத் தாடை இறுகினால் அதை விலக்க யாராலும் முடியாது.

முன்னால் நின்று தேய்ப்பதைவிடப் பின்னால் நின்று தேய்ப்பது எளிது. குழந்தையின் தலையின் பின்புறம் உங்கள் மார்பில் சாய்ந்திருக்க, இடது கை தாடையை அணைத்து உதட்டை விலக்க, வலது கை தேய்க்கும். தலை ஓர் இடத்தில் ஊன்றி இருப்பதால் எதிர்பாராத தொடுகை குறைகிறது, அழுத்தமான அணைப்பும் கிடைக்கிறது. மெல்லிய வருடலைத் தாங்காத பல குழந்தைகள் அழுத்தமான தொடுகையைத் தாங்குகிறார்கள் என்பது எங்கள் அனுபவம். அதனால் தேய்க்கும் முன் தாடையையும் கன்னத்தையும் உள்ளங்கையால் ஒருமுறை அழுத்திவிடலாம். சின்னக் குழந்தை என்றால் மடியில் தலை வைத்துப் படுக்க வைத்தும் தேய்க்கலாம். வாய்க்குள் நன்றாகத் தெரியும்.

தூரிகை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்வாகப் பட, சின்ன வட்டங்களாகத் தேய்க்க வேண்டும். ஓங்கரிக்கும் குழந்தைக்குக் கீழ்க் கடைவாய்ப்பற்களின் நாக்குப் பக்கத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாக்கைத் தொடாதீர்கள். நாளைக்கு இரண்டு முறை, இரண்டு நிமிடம் என்பது பொது விதி. ஆனால் இரண்டு நிமிடமும் ஒரே மூச்சில் வர வேண்டியதில்லை. காலையில் ஒரு பகுதி விட்டுப்போனாலும் பரவாயில்லை, இரவு தேய்ப்பதை விடாதீர்கள். தூக்கத்தில் எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அமிலத்தைக் கழுவ அந்நேரம் வேறு எதுவும் இல்லை.

எண்ணிக்கை என்னும் ஒப்பந்தம்

எப்போது முடியும் என்று தெரியாத எதையும் இவர்களால் பொறுக்க முடிவதில்லை. அதனால் முடிவை முதலிலேயே காட்டிவிட வேண்டும். வாயை ஆறாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: மேல் வலம், மேல் முன், மேல் இடம், அதேபோல் கீழே மூன்று. ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணிக்கை. ஐந்து என்று சொன்னதும் பிரஷ் வாயை விட்டு வெளியே வர வேண்டும். குழந்தை அன்றைக்கு நல்ல மனநிலையில் இருக்கிறதே என்று ஆறு, ஏழு என்று நீட்டினால், அடுத்த நாள் அந்த எண்ணிக்கைக்கு மதிப்பு இருக்காது. கூட்ட வேண்டுமென்றால் மறுநாள் தொடங்கும் முன்பே “இன்னைக்கு எட்டு” என்று சொல்லிக் கூட்டுங்கள். எண் பிடிபடாத குழந்தைக்கு ஒரே பாட்டின் ஒரே அடி, மணல் கடிகாரம், அல்லது ஆறு படங்கள் ஒட்டிய அட்டையில் ஒவ்வொன்றாகக் கழற்றும் முறை உதவும்.

முழுதாக மறுக்கிற குழந்தைக்கு இதைவிடச் சிறிய படிகள் வேண்டும். பிரஷ் மேசையில் இருப்பது, அதைக் கையில் எடுப்பது, கன்னத்தில் படுவது, உதட்டில் படுவது, முன்பல்லில் ஒரு எண்ணிக்கை. ஒரு படி தொடர்ந்து சில நாள் அமைதியாக நடந்த பிறகே அடுத்தது. அழுகை தொடங்கிய பிறகு நிறுத்தினால், அழுதால் நிற்கும் என்று கற்றுக்கொள்ளும். தொடங்கும் முன்பே நிறுத்தினால், இது பாதுகாப்பானது என்று கற்றுக்கொள்ளும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் மொத்தத் திறமையும் இருக்கிறது.

எத்தனை வயதில் குழந்தை தானே தேய்க்கலாம்? பொதுவாக 7, 8 வயது வரை பெரியவர் தேய்த்துவிட வேண்டும். கைவிரல் வேலைகளில் சிரமம் உள்ள குழந்தைக்கு இது பதின்ம வயது வரை நீளும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குழந்தை முதலில் தேய்க்கட்டும், பெரியவர் முடித்துவைக்கட்டும். பல்லில் படிந்த அழுக்கை நிறமாகக் காட்டும் மாத்திரைகள் இந்த வயதில் நன்றாக உதவும். “நன்றாகத் தேய்” என்ற சொல்லுக்குப் பொருள் தெரியாத பிள்ளைக்கு, “இந்த ஊதா நிறம் போக வேண்டும்” என்பது தெளிவாகப் புரியும்.

தேய்த்தும் சொத்தை வருகிறதென்றால்

இரவு பல் தேய்த்து முடிந்த பிறகு என்னவெல்லாம் வாய்க்குள் போகிறது என்று பட்டியல் போடுங்கள். வலிப்புக்கான சிரப், தூக்கத்துக்கான மெலடோனின் கம்மி (மெல்லும் மிட்டாய் வடிவ மருந்து), சத்து டானிக் எல்லாம் பெரும்பாலும் இனிப்பானவை. தேய்த்த பல்லில் சர்க்கரையைத் தடவிப் படுக்க வைப்பதுபோல ஆகிவிடுகிறது. மருந்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு தேய்ப்பதுதான் சரியான வரிசை. அது முடியாதென்றால் மருந்துக்குப் பின் நாலு வாய் தண்ணீர். சர்க்கரை இல்லாத வடிவமோ மாத்திரையோ இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இரண்டாவது, தெரபியில் கொடுக்கும் பரிசு. ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு மிட்டாய்த் துண்டு என்று ஒரு மணி நேரம் நடந்தால், மொத்தச் சர்க்கரை கொஞ்சமாக இருந்தாலும் பல் அந்த ஒரு மணி நேரமும் அமிலத்திலேயே இருக்கும். பல்லைக் கெடுப்பதில் அளவைவிட எத்தனை தடவை என்பதற்குப் பங்கு அதிகம். குமிழி ஊதுவது, ஊஞ்சல், பிடித்த வீடியோவின் சில விநாடி என்று பரிசை மாற்றும்படி தெரபிஸ்டிடம் கேட்கலாம். பல் மருத்துவர் பெற்றோரைத் திட்டும் முன் இதையும் விசாரித்தால் நல்லது.

சாப்பாட்டைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் குழந்தைக்கு, சாப்பிட்டு முடித்ததும் கன்னக்குழியைப் பார்த்து, தண்ணீர் குடிக்க வைத்து, தேவைப்பட்டால் விரலில் சுற்றிய ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். அடிக்கடி வாந்தியோ எதுக்களிப்போ இருந்தால் மேல் முன்பற்களின் உள்பக்கம் தேய்ந்து வழவழப்பாகும். வாந்தி எடுத்த உடனே தேய்க்கக் கூடாது. தண்ணீரால் வாயைக் கழுவி, அரை மணி நேரமாவது கழித்துத் தேய்க்க வேண்டும். பல்லை நறநறவென்று கடிப்பதும் இவர்களிடம் அதிகம். பால்பற்களில் தேய்மானம் மிதமாக இருந்தால் கவனித்து வந்தாலே போதும். கடிப்பது திடீரென்று கூடினால் காதையும் பல்லையும் வயிற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

திடீர் மாற்றம் என்பதை அடிக்கோடிட வேண்டும். பேச்சு வராத குழந்தைக்குப் பல்வலி என்பது பல்வலியாகத் தெரியாது. தலையை முட்டுவது, ஒரு பக்கக் கன்னத்தில் அறைந்துகொள்வது, கையைக் கடிப்பது, ஒரே பக்கமாக மெல்வது, பிடித்த உணவையே மறுப்பது, நடுஇரவில் எழுந்து அழுவது, எச்சில் அதிகமாக வடிவது என்றுதான் தெரியும். “நடத்தை மோசமாகிவிட்டது” என்று மருந்தைக் கூட்டும் முன் வாயைத் திறந்து பார்க்க வேண்டும். ஈறில் பரு மாதிரி ஒரு சிறு கட்டி இருந்தால் அடியில் சீழ் இருக்கிறது. அது வலிக்காமல்கூட இருக்கலாம், ஆனாலும் தள்ளிப்போடக் கூடாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே போக வேண்டும்.

6 வயதை ஒட்டிக் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைக்கும். எதுவும் விழாமல் வருவதால் அதைப் பால்பல் என்றே பல வீடுகளில் நினைத்துவிடுகிறார்கள். அதுவே ஆயுளுக்கும் இருக்க வேண்டிய முதல் நிலைத்த கடைவாய்ப்பல். முளைக்கும்போது மற்ற பற்களைவிடத் தாழ்வாக இருக்கும், பிரஷ் அதில் படாது. குறுக்காகப் பிரஷை வைத்துத் தேய்க்க வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் முன்

வலி வந்த பிறகு முதல் முறையாகப் போவதுதான் மிகக் கடினமான வழி. முதல் பல் முளைத்ததிலிருந்து, தாமதமானாலும் முதல் பிறந்தநாளுக்குள், போய்க் காட்டிவிடுவது நல்லது. வலி இல்லாத நாட்களில் சின்னச் சின்ன வருகைகளாகப் பழக்கிவைத்தால், வலி வரும் நாளில் அந்த இடம் அந்நியமாக இருக்காது.

போன் செய்து நேரம் வாங்கும்போதே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். எப்படித் தொடர்புகொள்ளும் (பேச்சு, படம், சைகை, டேப்லெட்), எதைக் கண்டு மிரளும், எது ஆற்றும், வலிப்பு உண்டா, என்னென்ன மருந்து. மருந்துப் பட்டியல் வெறும் சம்பிரதாயமில்லை. வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் ஈறை வீங்க வைக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் ரத்தம் உறைவதைப் பாதிக்கக்கூடும், பல் எடுக்கும் முன் தெரிந்தாக வேண்டும். கவனக்குறைவுக்கான மருந்துகள் சில வாயை உலர்த்தும். பால் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள், பால் புரதமான கேசீன் கலந்த பல் க்ரீம்கள் உண்டு.

அன்றைய முதல் நேரத்தைக் கேளுங்கள். காத்திருப்பு குறைவு, கூட்டமில்லை, பக்கத்து அறையில் வேறு குழந்தை அழும் சத்தமும் இருக்காது. அதுவும் முடியாவிட்டால் வெளியிலோ வண்டியிலோ காத்திருந்து, நாற்காலி தயாரானதும் போனில் அழைக்கச் சொல்லலாம். வாசல், வரவேற்பு மேசை, நாற்காலி, விளக்கு, மருத்துவரின் முகக்கவசத்தோடும் இல்லாமலும் ஒரு முகம் என ஆறேழு போட்டோ எடுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு படமும் ஒரு வரியுமாகத் தொகுத்து, போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து தினமும் காட்டுங்கள். வீட்டிலேயே சாய்வு நாற்காலி, டார்ச், பிளாஸ்டிக் வாய்க்கண்ணாடி வைத்துப் பத்து வரை பல் எண்ணிப் பழகலாம்.

சொல்லும் வார்த்தைகளை அப்படியே நம்பும் பிள்ளைகள் இவர்கள். “பல்லுல பூச்சி இருக்கு, டாக்டர் எடுப்பார்” என்று சொன்னால், வாய்க்குள் உண்மையிலேயே ஏதோ ஊர்கிறது என்று இரவெல்லாம் தூங்காத குழந்தை உண்டு. “வலிக்கவே வலிக்காது” என்ற வாக்கும் வேண்டாம், “அடம் பிடிச்சா ஊசி போடச் சொல்லிடுவேன்” என்ற மிரட்டலும் வேண்டாம். “நாற்காலியில் உட்காருவோம். டாக்டர் கண்ணாடியால் பல் எண்ணுவார். பத்து வந்ததும் இறங்குவோம்.” இவ்வளவு போதும்.

நாற்காலியில்

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்காலியை முன்கூட்டியே சாய்த்து வைத்துவிட்டு, பிறகு குழந்தையை ஏறச் சொல்லுங்கள். உட்கார்ந்த பிறகு நாற்காலி தானாகப் பின்னால் சாய்வது, சமநிலை உணர்வு கூர்மையாக உள்ள குழந்தைக்குக் கீழே விழுவதாகவே தெரியும். பாதி அழுகை அங்கேதான் தொடங்குகிறது, வாயைத் தொடும் முன்பே. மேல்விளக்கை அணைத்துவிட்டுத் தலையில் மாட்டும் விளக்கைப் பயன்படுத்தலாம், அல்லது குழந்தைக்குக் குளிர்க்கண்ணாடி கொடுக்கலாம். உலோக வாய்க்கண்ணாடியை வெதுவெதுப்பான நீரில் காட்டி எடுங்கள். காற்றுப் பீச்சியைச் சொல்லாமல் இயக்காதீர்கள். முதல் சில வருகைகளில் அதைத் தொடவே வேண்டாம். பல் காரையை எடுக்கும் அதிரும் ஸ்கேலர் இல்லாமல் கைக்கருவியால் சுத்தம் செய்யலாம். கையுறையின் வாசனையும் சிலருக்குத் தாங்காது. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரஷாலேயே முதல் பரிசோதனையைத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது. ஒருவர் மட்டும் பேசுங்கள். அம்மா, மருத்துவர், உதவியாளர் மூவரும் ஒரே நேரத்தில் தைரியம் சொன்னால் குழந்தைக்கு அது இரைச்சல்.

இதெல்லாம் வெறும் செல்லம் இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் 6 முதல் 12 வயது வரையுள்ள ஆட்டிசக் குழந்தைகளுக்கு ஒருமுறை வழக்கமான அறையிலும், ஒருமுறை மங்கிய வெளிச்சம், மெதுவாக நகரும் காட்சிகள், மென்மையான இசை, உடலை அணைத்துப் பிடிக்கும் போர்வை ஆகியவை உள்ள அறையிலும் பல் சுத்தம் செய்து ஒப்பிட்டார்கள். 2023-ல் முடிவு வெளியானது. மாற்றியமைத்த அறையில் உடல் காட்டிய பதற்றமும் நடத்தையில் தெரிந்த பதற்றமும் குறைந்திருந்தன. கருவிகள் எல்லாம் சாதாரணமானவை, எந்த மருத்துவமனையிலும் ஏற்பாடு செய்யக்கூடியவை.

முதல் வருகை ஐந்து பத்து நிமிடம் போதும். நாற்காலியில் உட்கார்ந்து இறங்கியதே அன்றைய சிகிச்சை. அடுத்தது ஒன்றிரண்டு வாரத்துக்குள் இருக்கட்டும். ஆறு மாதம் விட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

டிரில் இல்லாமல் என்னென்ன முடியும்

வாய் திறந்து ஒரு நிமிடம் கிடைத்தாலே செய்யக்கூடிய சில சிகிச்சைகள் உண்டு. ஃப்ளோரைடு வார்னிஷ் அதில் முதலாவது. 5 சதவீத சோடியம் ஃப்ளோரைடு கொண்ட பசையைச் சின்னத் தூரிகையால் பூசுவார்கள், எச்சில் பட்டதும் இறுகிவிடும். ஆபத்து அதிகமுள்ள குழந்தைக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை போடலாம். அன்று பல் மஞ்சளாக, பிசுபிசுப்பாக இருக்கும் என்று முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பல வார்னிஷ்களில் பைன் மரப் பிசின் இருக்கிறது. அது ஒவ்வாதவர்களுக்கு வேறு வகை கேட்க வேண்டும்.

சொத்தை விழுந்த இடத்தில் 38 சதவீத சில்வர் டையமைன் ஃப்ளோரைடைத் தொட்டு வைத்தால் அது மேலும் பரவாமல் நிற்க நல்ல வாய்ப்பு உண்டு. ஊசி இல்லை, டிரில் இல்லை. சொத்தை இடம் நிரந்தரமாகக் கறுத்துவிடும். முன்பல் என்றால் இதைப் பெற்றோர் யோசித்துச் சம்மதிக்க வேண்டும். உதட்டில் பட்டால் வரும் கறை சில நாளில் போகும், துணியில் பட்டால் போகாது. உலோகச் சுவை இருக்கும். சுமார் 6 மாதத்தில் மறுபடி பார்த்துத் தேவைப்பட்டால் போட வேண்டும். இரவில் வலித்து எழுப்பும் பல்லுக்கும், சீழ் கட்டிய பல்லுக்கும் இது பயன்படாது.

பால் கடைவாய்ப்பல்லில் சொத்தையைச் சுரண்டாமலே மேலே ஸ்டீல் தொப்பியை அழுத்தி மாட்டும் முறைக்கு ஹால் முறை என்று பெயர். பல நேரங்களில் சில நாள் முன்பே பற்களுக்கு இடையில் சின்ன ரப்பர் வளையம் போட்டு இடம் உண்டாக்குவார்கள். அந்த வளையத்தைப் பிடுங்கி எடுத்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், முன்பே பேசிக்கொள்ளுங்கள். தொப்பி போட்டதும் கடிப்பு உயரமாகத் தெரியும், சில வாரத்தில் சரியாகும். வாயின் சின்ன மாற்றத்தையும் பெரிதாக உணரும் குழந்தைக்கு இந்த நாட்கள் கொஞ்சம் கடினம்.

மரத்துப்போகும் ஊசி போட்டிருந்தால், உணர்வு திரும்பும் வரை இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை எடுக்காதீர்கள். உணர்வில்லாத உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது சர்வசாதாரணமாக நடக்கிறது.

முழு மயக்கம் கொடுக்க வேண்டி வந்தால்

மூக்கில் வைத்து அமைதிப்படுத்தும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு நல்லதுதான். ஆனால் முகமூடியைப் பொறுத்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட வேண்டும். அதையே மறுக்கும் குழந்தைக்குப் பயனில்லை. மிடாசோலம் போன்ற, அமைதிப்படுத்த வாய்வழியாகக் கொடுக்கும் மருந்து சிலருக்கு அமைதிக்குப் பதில் எதிர்மறையாகக் கிளர்ச்சியை உண்டாக்கும். இதற்கு முன் எந்த மயக்க மருந்துக்காவது அப்படி ஆகியிருந்தால் சொல்லியாக வேண்டும். கட்டிப் பிடித்துச் சிகிச்சை செய்வது, உயிருக்கோ கடும் தொற்றுக்கோ அவசரம் என்றால் தவிர, எங்கள் கருத்தில் வேண்டாத வழி. அந்த அரை மணி நேரத்தில் மிச்சமாகும் நேரத்தை அடுத்த பல ஆண்டுகளில் இழப்போம்.

வாய் முழுக்கச் சொத்தை, வலி, சீழ் என்றால் முழு மயக்கத்தில் ஒரே அமர்வில் முடிப்பது தோல்வி இல்லை. அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். எக்ஸ்ரே, சுத்தம், தொப்பிகள், எடுக்க வேண்டிய பல், வார்னிஷ் எல்லாம் அன்றே நடக்கட்டும். பெரிய அடைப்புகளைவிட ஸ்டீல் தொப்பிகள் நீண்ட நாள் தாங்கும். மறுபடி மயக்கம் கொடுக்கும் வாய்ப்பு குறையும். ரத்தப் பரிசோதனை, காது பார்ப்பது, நகம் வெட்டுவது என்று குழந்தை விழித்திருக்கும்போது முடியாத மற்றவற்றையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள்.

மயக்கத்துக்கு முந்தைய உணவுக் கட்டுப்பாடு சிக்கலான பகுதி. பொதுவாகத் திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி கேட்பார்கள். மயக்க மருத்துவர் சொல்வதே இறுதி. வழக்கமான காலை உணவு எங்கே என்று தேடும் குழந்தைக்கு அன்றைய வரிசையைப் படமாக முந்தைய நாளே காட்டுங்கள். சமையலறைப் பக்கமே போகாமல் கிளம்ப ஏற்பாடு செய்யுங்கள். முதல் நேரம் கிடைத்தால் இந்தப் பாடு பாதியாகும். வலிப்பு மருந்தை அன்று காலை கொடுக்கலாமா என்பதைத் தெளிவாகக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விழிக்கும்போது கையில் ஊசிக்குழாய் இருந்தால் பிடுங்கப் பார்ப்பார்கள். அதைத் துணிக்கட்டால் மறைக்கவோ, பாதுகாப்பானதும் சீக்கிரம் எடுக்கவோ முன்பே பேசி வையுங்கள். விளக்கைக் குறைத்து, சொந்தப் போர்வையையும் பழகிய உடையையும் கையில் வைத்திருங்கள்.

இதற்குப் பின் பலர் செய்யும் தவறு, எல்லாம் சரியாகிவிட்டது என்று ஒரு வருடம் மருத்துவமனைப் பக்கம் போகாமல் இருப்பது. சிரப்பும் பரிசு மிட்டாயும் இரவுத் தேய்ப்பும் பழையபடியே இருந்தால், தொப்பி போடாத பற்களில் சொத்தை திரும்ப வரும். வாய் ஆறியதும், சுமார் ஒரு மாதத்தில், எதுவும் செய்யாத ஒரு வருகை வேண்டும்: நாற்காலியில் ஏறு, பத்து வரை எண்ணு, இறங்கு. வலி இல்லாத வாயோடு அந்த நாற்காலியில் உட்காரும் வாய்ப்பு சில குழந்தைகளுக்கு அன்றுதான் முதல் முறையாகக் கிடைக்கிறது. அதன் பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை வார்னிஷ், கூடவே ஒரு படி பழக்கம்.